குளிர்ந்த காற்றின் எடை

விடியற்காலையில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் பழகியவர்களைக் கேட்டால், அந்த நேரத்தில் வண்டி நன்றாக இழுக்கிறது என்பார்கள். அதே வண்டி, அதே சாலை, அதே பெட்ரோல். ஆனால் உச்சிவெயிலில் அந்தப் பிக்கப் இருப்பதில்லை. காலையில் காற்று குளிர்ச்சியாக இருப்பதுதான் காரணம் என்று அவர்களே விளக்கமும் தருவார்கள். சரி, அதே வண்டியை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற்றிப் பார்ப்போம். குன்னூரைத் தாண்டினால் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் தேவைப்படும் அளவுக்குக் குளிர். விளக்கம் சரியென்றால் வண்டி அங்கே பறக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. ஏற்றத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஊட்டிக்குள் சமதளமான சாலையில்கூட முழு வேகம் கேட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் சோர்வாகவே பதில் சொல்கிறது.

இந்த இரண்டு அனுபவங்களையும் ஒரே விளக்கத்துக்குள் கொண்டுவர முடிந்தால், உலகம் முழுக்கக் கார் ஆர்வலர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கும் ஒரு வேலையின் அடிப்படை நமக்குப் பிடிபட்டுவிடும். எஞ்சினுக்குக் காற்று போகும் பாதையை மாற்றி, பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றுக்குப் பதிலாக வெளிக்காற்றை ஊட்டுவதுதான் அந்த வேலை. ‘கோல்டு ஏர் இன்டேக்’ என்று அழைக்கப்படும் இதை இந்தக் கட்டுரையில் குளிர்காற்றுப் பாதை என்று வைத்துக்கொள்வோம். சில அடி குழாய், இரண்டு மூன்று கிளாம்ப், ஒரு வடிகட்டி இருந்தால் செய்துவிடலாம். எதைச் செய்கிறோம், எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்வதுதான் கடினம்.

எஞ்சின் காற்றை எப்படி வாங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் இடம் உண்டாகிறது. வால்வு திறந்திருப்பதால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே பாய்கிறது. 1200 சிசி எஞ்சின் என்றால், அது இரண்டு முறை சுழல்வதற்குள் எல்லாச் சிலிண்டர்களும் சேர்ந்து 1200 கன சென்டிமீட்டர் இடத்தைத் திறக்கின்றன. காற்று சூடாக இருந்தாலும் குளிர்ந்திருந்தாலும் இந்த இடம் கூடாது, குறையாது. அதாவது எஞ்சின் காற்றைப் படியால் அளந்து வாங்குகிறது. எரிதலுக்கு வேண்டியதோ எடை. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் படியை ஒரேபோல நிரப்பும். பசிக்கு எது நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சூடான காற்று பொரி, குளிர்ந்த காற்று அரிசி. ஒரே கனஅளவுக்குள் எவ்வளவு நிறை அடைந்திருக்கிறது என்பதைத்தான் அடர்த்தி என்கிறோம்.

எடைதான் முக்கியம் என்று எப்படிச் சொல்கிறோம்? எரிதல் என்பது பெட்ரோலில் உள்ள கார்பனும் ஹைட்ரஜனும் காற்றின் ஆக்சிஜனோடு சேரும் வேதிவினை. அதில் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது சற்றுக் குறையும், ஏனென்றால் எத்தனால் தன் மூலக்கூறுக்குள்ளேயே கொஞ்சம் ஆக்சிஜனைக் கொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவில் இருக்கும். அதை எரிக்க 11 கிலோ காற்று வேண்டும். கனஅளவில் அது 9000 லிட்டருக்கும் மேல். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட ஓர் அறையின் மொத்தக் காற்றும் மூன்று லிட்டர் பெட்ரோலோடு தீர்ந்துபோகும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே பீய்ச்சிவிடலாம், அதற்கு ஒரு சிறிய பம்ப் போதும். காற்றை அப்படித் திணிக்க முடியாது. எஞ்சினின் உச்ச ஆற்றலுக்கு எல்லை போடுவது அது உள்ளே வாங்கும் காற்றின் நிறைதான்.

வெப்பம் கூடினால் வாயு எவ்வளவு விரிகிறது என்பதைத் துல்லியமாக அளந்து 1802இல் வெளியிட்டவர் பிரான்சின் ஜோசப் லூயி கே-லுசாக். தனக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஜாக் சார்லஸ் இதைக் கண்டு, வெளியிடாமல் விட்டிருந்தார் என்பதையும் அவரே பதிவு செய்தார். அதனால்தான் இன்றைக்குப் பள்ளிப் பாடத்தில் அது சார்லஸ் விதி. இருவரும் பலூன்களில் வானத்தில் ஏறியவர்கள் என்பது தற்செயல் இல்லை. சூடான காற்று ஏன் லேசாகிறது, உயரம் போனால் காற்று என்ன ஆகிறது என்பவை அவர்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள். விதி எளிமையானது. வெப்பநிலையை மைனஸ் 273 டிகிரி செல்சியஸிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். அந்தக் கணக்கில் வெப்பம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அழுத்தம் மாறாத வரை, காற்று அத்தனை மடங்கு விரியும். 25 டிகிரி காற்று இந்தக் கணக்கில் 298, 60 டிகிரி காற்று 333. ஆகவே 60 டிகிரியில் ஒரு படிக்குள் அடங்கும் காற்றின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சாதாரண வெப்பநிலைகளில் ஏறத்தாழ மூன்று டிகிரிக்கு ஒரு சதவீதம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஊட்டி. அடர்த்தியைத் தீர்மானிப்பது வெப்பம் மட்டும் இல்லை, அழுத்தமும்தான். நம் தலைக்கு மேலுள்ள காற்றின் பாரமே அழுத்தம். 2240 மீட்டர் உயரத்தில் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைவு, எனவே பாரமும் குறைவு. மேட்டுப்பாளையத்தோடு ஒப்பிட்டால் ஊட்டியில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே இறங்கிவிடுகிறது. கீழே 32 டிகிரியும் மேலே 15 டிகிரியும் இருந்தால், குளிர் திருப்பித் தருவது 6 சதவீதம்தான். 21 போய் 6 வந்தால் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு காற்று நட்டம். குளிர் உதவத்தான் செய்கிறது, ஆனால் உயரம் எடுத்துக்கொள்வதை ஈடுகட்ட அதனால் முடிவதில்லை.

குளிர்காற்றுப் பாதை ஏன் தேவைப்படுகிறது என்பது பானெட்டைத் திறந்தால் தெரியும். ரேடியேட்டரில் சுற்றும் நீர் 90 டிகிரி அளவில் இருக்கிறது. அதன் வழியே வீசும் விசிறிக்காற்று சூடேறித்தான் எஞ்சின் பக்கம் வருகிறது. எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பல நூறு டிகிரியில் காய்கிறது. போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது இந்த வெப்பம் எங்கும் போக வழியில்லை. எஞ்சின் அந்தக் காற்றையே உறிஞ்சினால் பொரியைத்தான் வாங்குகிறது.

கார் செய்பவர்களுக்கு இது தெரியாததல்ல. அமெரிக்காவின் பெரிய எஞ்சின் கார்களின் காலத்திலேயே வெளிக்காற்றைக் கொண்டுவர விதவிதமான ஏற்பாடுகள் செய்தார்கள். 1969ஆம் ஆண்டின் செவ்ரலே கமாரோவில் கிடைத்த ஒரு பானெட்டை முதலில் பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள். அதன் காற்று வாய் முன்னோக்கி இல்லாமல், முன்கண்ணாடியைப் பார்த்துப் பின்னோக்கித் திறந்திருக்கும். காரணம் அழகானது. ஓடும் காரின் மேல் வழுக்கி வரும் காற்று முன்கண்ணாடியின் அடிவாரத்தில் தடுக்கப்பட்டுத் தேங்குகிறது, அங்கே அழுத்தம் கொஞ்சம் கூடுகிறது. நம் கார்களில் ஏசி புளோவருக்கான வெளிக்காற்று வாயும் அதே இடத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். வைப்பருக்குக் கீழே சருகு சேரும் அந்தக் கம்பிவலைப் பகுதிதான் அது.

பிறகு 1990களில் கலிபோர்னியா இளைஞர்கள் ஹோண்டா சிவிக் போன்ற சிறிய கார்களை எடுத்துக்கொண்டு, ஹார்டுவேர் கடையின் வடிகால் குழாயை வெட்டித் தாங்களே காற்றுப் பாதை செய்யத் தொடங்கினார்கள். அங்கிருந்து இது உலகம் முழுக்கப் பரவியது. இதில் தொடக்கத்திலிருந்தே ஒரு குழப்பம் உண்டு. ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ வடிகட்டி ஒன்றைப் பானெட்டுக்குள்ளேயே திறந்த நிலையில் மாட்டுவதையும் பலர் குளிர்காற்றுப் பாதை என்றே சொல்கிறார்கள். அது உறிஞ்சுவது ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள சூடான காற்றை. சத்தம் கம்பீரமாக இருக்கும், ஆனால் காற்றின் எடை முன்பைவிடக் குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

குளிர்ந்த காற்றால் எவ்வளவு ஆற்றல் கூடும்? சார்லஸ் விதியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பெரிய எண் வரும். கடையில் விற்கும் குளிர்காற்றுப் பாதைகளின் பெட்டிகள் மேல் அச்சிடப்படும் எண்கள் பல அந்த வகையைச் சேர்ந்தவைதான். எஞ்சின் பொறியாளர்கள் சோதனைச்சாலையில் பல பருவங்களில் அளந்து கண்டது வேறு. வெவ்வேறு நாட்களில் அளந்த எஞ்சின் ஆற்றலை ஒப்பிட, அமெரிக்க ஊர்திப் பொறியாளர் சங்கம் ஒரு திருத்தக் கணக்கை வகுத்திருக்கிறது. அதில் அழுத்தத்தின் விளைவு முழுதாக வருகிறது, வெப்பநிலையின் விளைவோ ஏறத்தாழப் பாதியாகத்தான் வருகிறது. குழாயின் வாயில் 40 டிகிரியில் நுழையும் காற்று சிலிண்டருக்குள் 40 டிகிரியிலேயே போய்ச் சேர்வதில்லை என்பது இதற்கு முக்கியக் காரணம். காற்று உள்ளே வரும் மேனிஃபோல்டின் சுவர், வால்வு, சிலிண்டர் சுவர் எல்லாமே சூடு. உள்ளே வரும் காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக அவற்றிடமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வாயில் தெரிந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துவிடுகிறது.

ஆகவே, காற்றின் வெப்பத்தை 60 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு இறக்கிவிட்டால் அடர்த்தி 6 சதவீதம் கூடும், ஆற்றலோ 3 சதவீதம் அளவில்தான் கூடும். 80 குதிரைத்திறன் எஞ்சினில் அது இரண்டு, இரண்டரை. விடியற்காலை அனுபவத்தையும் இதே தராசில் நிறுத்தலாம். காலை 25 டிகிரி, பகல் 38 டிகிரி என்றால் காற்றால் வரும் வித்தியாசம் 2 சதவீதம்தான். மீதியைத் தருவது, காலையில் அவ்வளவாக உழைக்காத ஏசி கம்ப்ரசர், இன்னும் கொதிக்காத பானெட், காலியான சாலை. கடற்கரை ஊர்களில் நீராவிக்கும் பங்குண்டு. 30 டிகிரியில் புழுக்கமான சென்னைக் காற்றில் மூன்று சதவீதத்துக்கு மேல் நீராவி இருக்கும், அந்த அளவுக்கு ஆக்சிஜனுக்கு இடம் குறைகிறது.

குளிர்ந்த காற்று தரும் இன்னொரு நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சிலிண்டருக்குள் வெப்பம் அதிகமானால் தீப்பொறி மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். இதை உணரும் எஞ்சின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்திக் காப்பாற்றிக்கொள்கிறது, ஆற்றலை இழந்து. நெரிசலில் காய்ந்த எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று கிடைத்தால் இந்தத் தாமதம் குறைகிறது. டர்போ உள்ள வண்டிகளின் கதை வேறு. டர்போ காற்றை அழுத்தும்போதே அதைக் கடுமையாகச் சூடாக்குகிறது. அங்கே காற்றைக் குளிர்விக்கும் பொறுப்பு இன்டர்கூலருக்கு, அதன் முன்னால் உள்ள சேற்றையும் பூச்சிகளையும் கழுவிவிடுவது புதுக் குழாயைவிடப் பயன் தரும்.

மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் காற்றுப் பாதையில் ‘த்ராட்டில்’ என்ற வட்டத் தகடு ஒன்று உண்டு. ஆக்ஸிலேட்டர் மிதி திறப்பதும் மூடுவதும் அதைத்தான். ஊருக்குள் ஓட்டும்போது அது பெரும்பாலும் பாதிக்கு மேல் மூடியே கிடக்கிறது. நமக்குத் தேவையான ஆற்றல் குறைவு, அதற்கேற்ற காற்றை மட்டும் விட நாமே பாதையை அடைத்து வைத்திருக்கிறோம். அந்த நிலையில் குழாயை அகலமாக்கி, காற்றைக் குளிர்வித்துக் கொடுத்தால், அதே வேகத்தில் போகக் கால் தன்னையறியாமல் மிதியை இன்னும் கொஞ்சம் தளர்த்தும். தகடு இன்னும் கொஞ்சம் மூடும். உள்ளே போகும் காற்றின் எடை பழையபடியே இருக்கும். மிதியை முழுக்க அழுத்தித் தகடு அகலத் திறக்கும்போதுதான் காற்றுப் பாதையின் தரம் கணக்கில் வருகிறது.

இது ஊகம் இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் செலுத்து முறை கொண்ட கார்களில் வேண்டுமென்றே வடிகட்டியை அடைத்துவைத்துச் சோதித்தார்கள். மைலேஜில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. வேகமெடுக்கும் நேரம் மட்டும் பாதிக்கப்பட்டது. காற்று குறைந்தால் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது, ஓட்டுநர் மிதியை இன்னும் கொஞ்சம் அழுத்திவிடுகிறார். கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு இந்தத் திருத்தம் செய்யத் தெரியாது. அடைத்த ஃபில்டர் மைலேஜைத் தின்னும் என்ற அறிவுரை அந்தக் காலத்தில் உண்மையாக இருந்தது.

செய்யத் துணிந்தவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது ரம்பம் இல்லை, வெப்பமானி. 1996க்குப் பிறகு அமெரிக்காவில் விற்ற கார்கள் எல்லாவற்றிலும், இப்போது நம் கார்களிலும், ஸ்டியரிங்குக்குக் கீழே ‘ஓபிடி’ என்னும் சோதனைச் செருகுவாய் இருக்கிறது. அதில் ஒரு சிறிய கருவியைச் செருகினால், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையைக் கைபேசியிலேயே பார்க்கலாம். சிக்னலில் நிற்கும்போது அது வெளிக்காற்றைவிட எவ்வளவு ஏறுகிறது, சாலையில் ஓடத் தொடங்கியபின் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது வெளிவெப்பத்தைவிட ஐந்தாறு டிகிரிதான் அதிகம் என்றால், உங்கள் காரில் நல்ல குளிர்காற்றுப் பாதை ஏற்கெனவே இருக்கிறது. ரேடியேட்டருக்கு மேலே, கிரில்லுக்குப் பின்னால் தட்டையான வாயோடு ஒரு பிளாஸ்டிக் குழாய் தெரிந்தால் அதுதான்.

அடுத்த கருவி இன்னும் எளியது. சில மீட்டர் ஒளிபுகும் ரப்பர்க் குழாயை ஒரு பலகையில் ஆங்கில ‘யு’ போல வளைத்துக் கட்டி, பாதிவரை நிறம் கலந்த நீரை ஊற்ற வேண்டும். ஒரு முனையை ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் உள்ள குழாயோடு இணைக்க வேண்டும், மறுமுனை திறந்திருக்கட்டும். எஞ்சின் முழு வேகத்தில் உறிஞ்சும்போது அந்தப் பக்கத்தில் அழுத்தம் குறைந்து நீர் மேலேறும். இரு பக்க நீர்மட்டங்களுக்கும் உள்ள உயர வித்தியாசமே, வழியிலுள்ள தடைகள் எவ்வளவு அழுத்தத்தைத் தின்கின்றன என்பதற்கான அளவு. உறிஞ்சு பம்ப் 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றாது என்பது கலிலியோ காலத்துக் கிணறு வெட்டுவோருக்கே தெரியும். நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் பாரம், அந்தப் பாரம் 10 மீட்டர் நீர்த்தூணுக்குச் சமம் என்று 1644இல் விளக்கியவர் டாரிசெல்லி. அந்த எண் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. முழு வளிமண்டலமும் 10 மீட்டர் நீர் என்றால், 10 சென்டிமீட்டர் நீர் வித்தியாசம் என்பது ஒரு சதவீதக் காற்று இழப்பு. இவ்வளவு மலிவாக, இவ்வளவு நேரடியாகப் படிக்கக்கூடிய அளவுகோல் எஞ்சின் வேலையில் வேறு இல்லை என்பேன். வண்டியை ஒருவர் ஓட்ட, இன்னொருவர்தான் அளவைப் பார்க்க வேண்டும். ஆளில்லாத, பாதுகாப்பான இடம் வேண்டும்.

ஃபில்டருக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, த்ராட்டிலை ஒட்டி ஒருமுறை என்று அளந்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். பலர் முதலில் சந்தேகிப்பது ஃபில்டரை. சுத்தமான காகித ஃபில்டர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் சொற்பம். குறுகிய வாயும் சடாரென்று திரும்பும் முழங்கை வளைவும்தான் அதிகம் தின்பவை. 1200 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் அதிகபட்சம் நொடிக்கு 60 லிட்டர் காற்றை இழுக்கும். 50 மில்லிமீட்டர் குழாயில் அது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கும், 63 மில்லிமீட்டர் குழாயில் 70 கிலோமீட்டர் போதும். தடையால் வரும் இழப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், ஆகவே இந்தச் சிறிய அகல வித்தியாசமே இழப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவருகிறது. அதற்கும் மேலே அகலமாக்கிக்கொண்டே போனால் கிடைப்பது வேகமாகத் தேய்ந்துவிடும். ஓடும் வேகத்தில் எதிர்காற்றைக் குழாய்க்குள் அடைத்து அழுத்தம் ஏற்றலாம் என்ற ஆசையும் உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்காற்று தரக்கூடிய மொத்த அழுத்தமே நீர்க்கணக்கில் ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கும், அதாவது அரை சதவீதம்கூட இல்லை.

குழாய் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று வாதிடுபவர்கள் உண்டு. அரை மீட்டர் குழாயை அந்த வேகத்தில் கடக்கக் காற்றுக்கு நொடியில் நூறில் இரண்டு பங்கு அளவுதான் ஆகிறது. அதற்குள் அது பெரிதாகச் சூடாக முடியாது. பிவிசி குழாயில் கவனிக்க வேண்டியது வேறு. 80 டிகிரியை நெருங்கினால் அது இளகத் தொடங்கும். எனவே கிரில்லிலிருந்து ஃபில்டர் பெட்டி வரையிலான குளிர்ந்த பகுதிக்கு அது போதும், எக்ஸாஸ்ட் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஃபில்டருக்குப் பிறகு உள்ள குழாயைத் தொடாமல் விடுவதே என் பரிந்துரை, அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. பல கார்களில் ஃபில்டரை அடுத்து ஒரு மெல்லிய சூடான கம்பி இருக்கிறது. ஓடும் காற்று கம்பியைக் குளிர்விக்கும் அளவிலிருந்து காற்றின் நிறையைக் கணக்கிடலாம் என்பதை, மெக்கில் பல்கலைக்கழகத்தின் லூயி கிங் 1914இல் விரிவாக நிறுவினார். கார் கணினி அந்த முறையில்தான் காற்றை எடைபோடுகிறது. ஆனால் அந்தக் கம்பிக்குத் தெரிவது தன் மேல் படும் காற்றோட்டம் மட்டுமே, மீதியைக் குழாயின் விட்டம் இன்னது என்று முன்பே எழுதிவைத்த கணக்கு சொல்கிறது. விட்டத்தை நீங்கள் பத்து சதவீதம் கூட்டினால் குழாயின் பரப்பு 21 சதவீதம் கூடி, வேகம் குறைந்து, காற்று குறைவாக வருவதாகக் கணினி நம்பும். பெட்ரோலைக் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் சைலன்சர் பக்கமுள்ள ஆக்சிஜன் உணரி இந்தத் தவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். முழு மிதியில் பல கார்களின் கணினி அந்த உணரியைக் கேட்பதில்லை. எஞ்சின் மிகக் கடினமாக உழைக்கும் அதே வேளையில் பெட்ரோல் குறைந்து, எரிதல் அளவுக்கு மேல் சூடேறும். எண்ணெய் பூசிய துணி வடிகட்டிகளில் எண்ணெய் மிகுந்துவிட்டால் அது பறந்துபோய் இந்தக் கம்பியில் படிந்து இதே போன்ற கோளாறைச் செய்யும்.

வடிகட்டியை வெறும் தடையாகப் பார்ப்பது ஆபத்தான பார்வை. சாலைத் தூசியில் பெரும்பகுதி குவார்ட்ஸ் துகள், எஞ்சினுக்குள் உள்ள பல உலோகப் பரப்புகளைவிடக் கடினமானது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் சில மைக்ரான்தான், அந்த அளவுத் துகள்கள்தான் அதிகம் தேய்க்கின்றன. உலகத் தரச் சோதனைகளில் அரிசோனா பாலைவன மண்ணிலிருந்து சலித்தெடுத்த தூசியை ஊதித்தான் வடிகட்டிகளைச் சோதிக்கிறார்கள். புதிய காகித ஃபில்டரைவிடக் கொஞ்சம் ஓடிய ஃபில்டர் நன்றாக வடிகட்டும், படிந்த தூசியே மேலும் ஒரு வலையாகிறது. சர்வீஸில் அழுத்தக் காற்றால் ஊதித் தருவது அந்தப் படிவத்தைக் கலைக்கும், காகிதத்தையும் கிழிக்கலாம். காலம் வந்தால் மாற்றுவதே நல்லது.

ஃபில்டர் பெட்டியோடு ஒட்டி, எங்கும் போகாத ஒரு மூடிய குடுவை பல கார்களில் தொங்கும். வேலையில்லாத உறுப்பு என்று நினைத்துப் பலர் கழற்றி எறிவது இதைத்தான். வால்வுகள் திறந்து மூடும்போது குழாய்க்குள் எழும் அழுத்த அலைகளைக் குறிப்பிட்ட சுருதியில் எதிர்த்து அடக்கும் ஒத்ததிர்வுக் குடுவை அது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒலியைப் பகுத்தறியப் பயன்படுத்திய குடுவைகளின் வழித்தோன்றல். கழற்றினால் உறிஞ்சும் முழக்கம் காருக்குள் கேட்கும். வண்டி வேகமாகப் போவதாக மனம் உடனே நம்பிவிடும். காது தரும் சாட்சியத்தை இந்த ஒரு விஷயத்தில் ஏற்கக் கூடாது.

வாயை எங்கே வைப்பது என்பதில் நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. மிகக் குளிர்ந்த காற்று தேடி, பம்பருக்குக் கீழே, சக்கரத்தின் அருகே வாயைக் கொண்டுபோவது மேலைநாட்டில் வழக்கம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னைச் சாலைகளில் நின்ற வெள்ளத்தை நினைத்தால் அது எவ்வளவு தவறு என்று புரியும். 300 சிசி சிலிண்டர் ஒன்றில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 33 கன சென்டிமீட்டர் அளவுதான். அதைவிடக் கொஞ்சம் அதிகமாக நீர் புகுந்தால், நீர் அமுங்காது, எனவே கனெக்டிங் ராடு வளையும். வெள்ளத்தில் நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்வது இதனால்தான். சாதாரணக் காப்பீட்டில் இந்தச் சேதம் பெரும்பாலும் சேராது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். தொழிற்சாலை வைத்த உயரத்துக்குக் கீழே வாயை இறக்காதீர்கள். சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனங்களை மாற்றியமைப்பதற்கு வரம்பு விதிக்கிறது. இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்த கலிபோர்னியாவிலேயே, கடையில் விற்கும் காற்றுப் பாதைக்கு மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் வேண்டும்.

எல்லாம் செய்து முடித்தபின் பயன் உண்டா என்று எப்படி உறுதி செய்வது? பழைய அமைப்பில் ஓட்டி, புதியதை மாட்டி ஓட்டி, நேரத்தை ஒப்பிட்டால் போதாது. இடையில் எஞ்சின் சூடாகியிருக்கும், காற்று திரும்பியிருக்கும், வெயில் ஏறியிருக்கும். பழையது, புதியது, மறுபடி பழையது என்று மூன்று கட்டமாக அளக்க வேண்டும். மூடிய தடத்தில், ஒரே திசையில், ஏசியை அணைத்து, மூன்றாம் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 வரை எடுக்கும் நேரத்தை ஒவ்வொரு கட்டத்திலும் பலமுறை குறிக்க வேண்டும். முதல் பழையதும் இரண்டாம் பழையதும் ஒன்றோடொன்று ஒத்துப்போய், நடுவில் உள்ளது மட்டும் தெளிவாகக் குறைந்திருந்தால் பலன் உண்மை. இரண்டு பழையதுகளுக்கும் இடையிலேயே அதே அளவு வித்தியாசம் இருந்தால், நீங்கள் அளந்தது வானிலையை.

இத்தனையும் அளந்து பார்த்தவர்கள் பலமுறை காண்பது ஒன்று உண்டு. பழைய கார்களில் கிரில்லிலிருந்து ஃபில்டர் பெட்டிக்கு வரும் அந்தத் தட்டைக் குழாய் உடைந்திருக்கும், கிளிப் கழன்று தொங்கும், அல்லது ஏதோ ஒரு சர்வீஸில் கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமலே விட்டிருப்பார்கள். எஞ்சின் அப்போது பானெட்டுக்குள் காயும் காற்றையே குடித்துக்கொண்டிருக்கும். கடையில் அந்த உதிரிப் பாகத்தின் விலை சில நூறு ரூபாய்தான், மாட்டுவது இரண்டு கிளிப் வேலை.